மென்கல் சுவரில் சிமென்ட் வேண்டாம்

மால்டாவின் பழைய தலைநகரான இம்தினாவில், மதிலுக்குள் செல்லும் குறுகிய தெரு ஒன்றில், 'நார்மன் வீடு' என நெடுங்காலம் அழைக்கப்பட்ட பலாத்சோ ஃபால்சன் என்னும் பிரபு மாளிகை நிற்கிறது. 13ஆம் நூற்றாண்டில் தோன்றி 15ஆம் நூற்றாண்டில் மேல்தளம் பெற்ற இம்மாளிகை, அந்நகரின் பேராலயத்தையே புதிதாகக் கட்டவைத்த 1693ஆம் ஆண்டு நிலநடுக்கத்தையும் தாங்கியது. 1927இல் இதை வாங்கத் தொடங்கிய கலைப்பொருள் சேகரிப்பாளர் ஓலோஃப் கோல்ச்சர் சில மாற்றங்களைச் செய்தார். 2007 முதல் இது அருங்காட்சியகமாக இயங்குகிறது.

மெல்லிய தூணை நடுவில் நிறுத்தி இரட்டையாகத் திறக்கும் அதன் மேல்தளச் சன்னல்களையும், இரு தளங்களுக்கும் இடையே பல்வரிசை போல ஓடும் முக்கோணக் கற்களையும் பார்த்து வியப்பவர்கள், அவற்றைச் செதுக்கிய கல் எவ்வளவு மென்மையானது என்பதையும் அறிய வேண்டும். குளோபிஜெரினா எனப்படும் அந்தத் தேன்நிறச் சுண்ணாம்புக்கல்லை ரம்பத்தால் அறுக்கலாம். தண்ணீரை அது எளிதில் உறிஞ்சும். நிலத்து ஈரத்தோடும் கடற்காற்றோடும் உப்பும் உள்ளே சேரும். சுவர் உலரும்போது ஈரம் எந்த வழியாக வெளியேறுகிறதோ அங்கேதான் உப்பு படிகமாகிக் கல்லைப் பொரியவைக்கும்.

கற்களின் இணைப்புகளில் நிரப்பும் சுண்ணாம்புச் சாந்து கல்லைவிட மென்மையானது, ஈரத்தை எளிதாக வெளியே விடுவது. ஆகவே கல்லுக்குப் பதில் சாந்தே உதிரும். அதைச் சுரண்டிவிட்டுப் புதிதாக நிரப்பிக்கொள்ளலாம். சிமென்டோ ஈரத்தின் வழியை அடைத்து, உப்பு முழுவதையும் கல்லின் முகத்துக்குத் தள்ளிவிடுகிறது. இதே வகைக் கல்லால் கட்டிய ஒரு வீட்டில், முன்பு வேலை எடுத்தவர்கள் இணைப்புகளில் சிமென்டை அடைத்திருந்ததைக் கண்டேன். கற்கள் தேன்கூடு போல அரிக்கப்பட்டு உள்வாங்கியிருக்க, சிமென்ட் கோடுகள் மட்டும் வரப்புகளைப் போலத் துருத்தி நின்றன. விரலால் தொட்டதும் கல் மாவாக உதிர்ந்தது. அந்தச் சிமென்டை எந்திரத்தால் பெயர்த்தால் கல்லின் விளிம்பும் சேர்ந்தே போகும் என்பதால், சிறு உளியால் அங்குலம் அங்குலமாக எடுத்தோம். இழந்த கல்முகத்தை மீட்க வழியில்லை.

பழைய மாளிகையோ எளிய வீடோ, பழுதுபார்க்கும் முன் பழைய சாந்தின் ஒரு துண்டை எடுத்து ஆராயுங்கள். பார்வையில் படாத மூலையில் புதிய சாந்தைப் பூசிப் பாருங்கள். மால்டாவின் கோடை வெயிலில் சுண்ணாம்பு விரைந்து உலர்ந்தால் வலுப்பெறாமல் பொடியாகும் என்பதால், நனைத்த சாக்கைத் தொங்கவிட்டுப் பல நாட்கள் ஈரம் காக்க வேண்டும். அந்தச் சில நாட்கள் காத்திருக்க மனமில்லாமல்தான் பல வீடுகளில் சிமென்டைப் பூசிவிடுகிறார்கள்.