மறந்தவரிடம் கேட்கக் கூடாத கேள்வி

புகை மண்டிய அறை. மேசைக்கு ஒரு பக்கம் கேள்வி கேட்பவர், மறுபக்கம் பதில் சொல்ல வேண்டியவர். நடுவில் ஒரு கருவி அவருடைய கண்மணியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பாலைவன வெயிலில் ஓர் ஆமை மல்லாந்து கிடந்து தவிக்கிறது, நீ அதற்கு உதவவில்லை, ஏன் என்று கேள்வி வருகிறது. பதில் சொல்பவர் தடுமாறுகிறார், பதற்றம் ஏறிக்கொண்டே போகிறது. ரிட்லி ஸ்காட் இயக்கத்தில் 1982-இல் வெளிவந்த 'பிளேட் ரன்னர்' படத்தின் தொடக்கக் காட்சி இது. எதிரில் இருப்பது மனிதனா, மனிதனைப் போலச் செய்யப்பட்ட உயிரா என்று கண்டுபிடிக்கத்தான் இந்தச் சோதனை.

நான் மருத்துவ உளவியலாளர். மறதி நோய் இருக்கிறதா என்று சோதித்துப் பார்ப்பது என் அன்றாட வேலை. அதனால் இந்தக் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் என் அறைதான் கண்முன் வருகிறது. அங்கே புகை இல்லை, கருவி இல்லை. மேசையும் கேள்விகளும் இருக்கின்றன. இன்று என்ன கிழமை? இது எந்த வருடம்? நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வாருங்கள். சற்று முன் சொன்ன மூன்று சொற்கள் என்னென்ன? 1975-இல் அறிமுகமாகி இன்றும் பல நாடுகளில் புழங்கும் ஒரு சோதனைக்கு மொத்தம் 30 மதிப்பெண்.

இந்தச் சோதனை தேவையானது. தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 பற்றாக்குறை, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி வரும், அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. 'வயதானால் அப்படித்தான்' என்று நாள் கடத்துகிறவர்கள் அந்த வாய்ப்பைத் தவறவிடுகிறார்கள். என் கவலை வேறு. 30-க்கு 11 என்று நான் எழுதிக் கொடுக்கும் எண் வீட்டுக்குப் போனதும் அந்த மனிதருக்கே போட்ட மதிப்பெண்ணாகிவிடுகிறது.

ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவரை அவருடைய மகள் அழைத்து வந்திருந்தார். சோதனை முடிந்ததும் மகள் அவர் நாற்காலிக்கு முன்னால் குனிந்து, "அப்பா, என்னைப் பாருங்கள். நான் யார், சொல்லுங்கள்" என்றார். பெரியவர் சட்டைப் பொத்தானை விரலால் தேய்த்தபடி மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு இரண்டு முறை அசைந்தது. கடைசியில் சிரித்துக்கொண்டே, "நீங்கள் ரொம்ப நல்லவர்கள்" என்றார். பிறந்ததிலிருந்து நீ, வா, போ என்று அழைத்த வாயிலிருந்து வந்த அந்த 'நீங்கள்' மகளை நொறுக்கிவிட்டது. வெளியே வந்ததும், "அப்பா போய்விட்டார். இது அவர் உடம்பு மட்டும்தான்" என்று என்னிடம் சொல்லி அழுதார்.

அந்த வாக்கியத்தை ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஏன் என்று எனக்கே விளங்கச் செய்ததில் சில அறிவியல் புனைகதைப் படங்களுக்குப் பங்கு உண்டு.

'பிளேட் ரன்னர்' கதையில் நினைவுதான் மனிதனுக்கு அத்தாட்சி. ரேச்சல் என்ற பெண் தன்னை மனுஷி என்றே நம்புகிறாள். அவளுடைய இளமைக்கால நினைவுகள் இன்னொருத்தியின் நினைவுகள், எடுத்து இவளுக்குள் வைக்கப்பட்டவை என்று தெரியவரும்போது உடைந்துபோகிறாள். ஆனால் படம் முடியும்போது அதே படம் அந்த அளவுகோலைக் கீழே போட்டுவிடுகிறது. நான்கே ஆண்டு ஆயுள் கொடுத்துச் செய்யப்பட்ட ராய் என்ற செயற்கை மனிதன், தன்னைக் கொல்ல வந்தவன் மாடி விளிம்பிலிருந்து நழுவும் நொடியில் அவன் கையைப் பற்றித் தூக்கிவிடுகிறான். எந்தச் சோதனைத் தாளிலும் இதற்குக் கட்டம் இல்லை. அந்த ஆசிரியர் யாரென்று தெரியாத ஒரு பெண் கலங்கி நிற்பதைப் பார்த்து ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னாரே, அதற்கும் என் தாளில் கட்டம் இல்லை.

2004-இல் வந்த 'எடர்னல் சன்ஷைன் ஆஃப் தி ஸ்பாட்லெஸ் மைண்ட்' எனக்கு இன்னும் நெருக்கமானது. பிரிந்த காதலர் இருவர் ஒருவரைப் பற்றி மற்றவருக்கு இருந்த நினைவை அவரவர் மூளையிலிருந்து துடைத்துக்கொள்கிறார்கள். பிறகு முன்பின் தெரியாதவர்களாகச் சந்தித்து மறுபடியும் ஒருவரையொருவர் நாடுகிறார்கள். நினைவு போனாலும் நாட்டம் மிஞ்சுமா? 2010-இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மூளையில் புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதி சேதமடைந்த ஐந்து பேருக்குச் சோகமான படத்துண்டுகளையும் மகிழ்ச்சியானவற்றையும் காட்டினார்கள். சில நிமிடங்களில் பார்த்த காட்சிகளில் பெரும்பகுதி அவர்களுக்கு மறந்துவிட்டது. சோகம் மட்டும் போகவில்லை. ஏன் துக்கமாக இருக்கிறது என்று தெரியாமலே துக்கமாக இருந்தார்கள். மகிழ்ச்சியும் அப்படியே தங்கியது. 2014-இல் அதே பல்கலைக்கழகம் ஆல்சைமர் என்னும் மறதி நோய் உள்ளவர்களிடமும் இதையே கண்டது.

வீட்டில் இதற்கு என்ன பொருள் என்று யோசித்துப் பாருங்கள். "நான் யார்?" என்று பத்து முறை கேட்கிறோம். கேள்வி மறந்துபோகும். தோற்றுவிட்ட உணர்வு மாலை வரை நிற்கும். பிறகு காரணமே இல்லாமல் எரிந்து விழுகிறார் என்று நாம் குறைப்படுகிறோம். நேற்று பார்த்துவிட்டுப் போனது அவருக்கு நினைவில் இருக்காது, போய் என்ன பயன் என்று வருவதை நிறுத்திவிடும் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், நீங்கள் வந்துபோன மணி நேரம் வீணாகவில்லை. (திடீரென ஓரிரு நாளில் நடத்தை மாறினால் மட்டும் இப்படி விளக்கம் தேடிக்கொண்டிருக்காதீர்கள். சிறுநீர்த் தொற்றோ வலியோ இருக்கலாம். உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.)

'ரோபாட் அண்ட் ஃபிராங்க்' 2012-இல் வந்த சிறிய படம். மறதி முற்றிக்கொண்டிருக்கும் முன்னாள் நகைத் திருடருக்கு மகன் ஒரு பணிவிடை ரோபோவைக் கொண்டுவந்து விடுகிறான். நூலகத்தில் வேலை செய்யும் ஒரு பெண்மணியிடம் ஃபிராங்க் மனதைப் பறிகொடுக்கிறார். அவர் தன்னுடைய முன்னாள் மனைவி என்பதே படம் முடியும் தறுவாய் வரை ஃபிராங்குக்குத் தெரிவதில்லை. படம் முழுக்க அந்தப் பெண்மணி அவரைத் திருத்துவதில்லை, சோதிப்பதுமில்லை. அவர் நிற்கும் இடத்திலேயே போய் நின்று பேசுகிறார். உதவிக்கு ரோபோ இருந்தும் ஃபிராங்குக்கு யார் என்ன தந்தார்கள் என்பதை அந்தப் பெண்மணியின் முகத்தில் பார்க்கலாம்.

பராமரிப்பவர்களிடம் இப்போது நான் வலியுறுத்துவது, கேள்வியை எடுத்துவிட்டுப் பதிலை முதலிலேயே கொடுத்துவிடுங்கள் என்பதுதான். "அப்பா, நான் உங்கள் மூத்த மகள், வந்திருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே நுழையுங்கள். அவர் தவறாகச் சொன்னால் வாதாட வேண்டாம். தேதி, வருடம் கேட்பதெல்லாம் என் அறையோடு இருக்கட்டும்.

ஆறு மாதம் கழித்து அந்த மகள் அப்பாவுடன் மறுபடி வந்தார். மதிப்பெண் 8-ஆகக் குறைந்திருந்தது. நான் எழுதிக்கொண்டிருந்தபோது மகள் பக்கத்தில் வந்து நின்று, தான் யார் என்பதைச் சொல்லிவிட்டு அவர் தோளில் கைவைத்தார். பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டு, "உட்காருங்கள், ரொம்ப நேரமாக நிற்கிறீர்களே" என்றார். மகள் உட்கார்ந்தார்.