மீன் எண்ணெய்க் குளிகையும் எதிர்த்தட்டில் வைத்த எண்ணெயும்

கோண்டாவிலிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். நீரிழிவுக்காக மாதந்தோறும் கிளினிக் சென்றுவரும் தன் தந்தைக்கு, ரொறன்ரோவில் வசிக்கும் அக்கா, ஊருக்கு வருபவர்கள் கையில் மீன் எண்ணெய்க் குளிகைப் போத்தல்களைக் கொடுத்தனுப்புவதாகவும், ‘இதய நலத்துக்கு’ என்று அவற்றின் மேல் அச்சிட்டிருப்பதை நம்பலாமா என்றும் கேட்கிறார். இக்கேள்விக்கு நேரான விடை உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன். அந்த விடையை ஆய்வாளர்கள் எந்த வழியில் அடைந்தார்கள் என்பதைத்தான் முதலில் விளக்க விரும்புகிறேன். ஏனெனில் அடுத்த ஆண்டு வேறொரு போத்தல் வரும், அதையும் அதே வழியில்தான் எடைபோட வேண்டியிருக்கும்.

மீனிலிருந்து கிடைக்கும் ஒமேகா-3 கொழுப்பமிலங்களில் முக்கியமானவை ஈபிஏ, டிஎச்ஏ என்ற இரண்டுமாகும். இவை கலமென்சவ்வின் பொசுபோலிப்பிட்டுகளில் இடம்பிடித்து, குருதிச் சிறுதட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டும் இயல்பைச் சற்றுக் குறைக்கின்றன. அதிக அளவில் உட்கொண்டால் குருதியிலுள்ள ட்ரைகிளிசரைட்டு என்னும் கொழுப்பின் அளவையும் இறக்குகின்றன. இதுவரையில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் குருதிப் பரிசோதனை அறிக்கையில் ஓர் எண் மாறுவதும், அதனால் ஒரு மனிதர் மாரடைப்பிலிருந்து தப்புவதும் வெவ்வேறு கூற்றுகள். இரண்டாவதற்குத் தனியாகச் சான்று வேண்டும்.

அந்தச் சான்றைத் தேடும் முயற்சி 1970களின் தொடக்கத்தில் கிறீன்லாந்தில் தொடங்கியது. பாங், டயபேர்க் என்ற இரு டென்மார்க் மருத்துவர்கள், கடல் உயிரினங்களை மிகுதியாக உண்ணும் இனுவிற் மக்களின் குருதியை ஆராய்ந்து, அவர்களிடையே மாரடைப்பு அரிதாக இருப்பதற்கு இக்கொழுப்பமிலங்கள் காரணமாகலாம் என்று கருதினார்கள். அவர்கள் அம்மக்களின் இதயங்களை நேரடியாகப் பரிசோதித்திருக்கவில்லை. மாரடைப்பு அரிது என்ற செய்தி பதிவேடுகளிலிருந்து வந்தது. பின்னர் பல நாடுகளில், மீன் உண்பவர்களுக்கு இதயநோய் குறைவாக இருப்பதாக நோக்கல் ஆய்வுகள் வெளிவந்தன.

இத்தகைய நோக்கல் ஆய்வு எவ்வாறு வழிதவறச் செய்யும் என்பதை நம் ஊரைக் கொண்டே பார்க்கலாம். யாழ்ப்பாணத்தில் மீன் எண்ணெய்க் குளிகை உட்கொள்ளும் ஆயிரம் பேரையும் உட்கொள்ளாத ஆயிரம் பேரையும் எடுத்து, பத்து ஆண்டுகளில் யாருக்கு மாரடைப்பு வந்தது என்று எண்ணினால், முதற்கூட்டத்தினர் நலமாக இருப்பதாகவே பெரும்பாலும் தெரியவரும். ஆனால் அந்தப் போத்தல் வந்து சேரும் வீடு எது? கனடாவிலோ லண்டனிலோ பிள்ளைகள் உழைக்கும் வீடு. தனியார் வைத்தியசாலையில் காட்டுவதற்கும், குருதிப் பரிசோதனைக்கும், தரமான உணவுக்கும் பணம் உள்ள வீடு. நாள்தோறும் தொலைபேசியில் ‘அப்பா, மருந்து குடிச்சீங்களா?’ என்று கேட்க ஒருவர் இருக்கும் வீடு. வயது, வருமானம், புகைப்பழக்கம் போன்ற அளக்கக்கூடிய வேறுபாடுகளைக் கணக்கில் சரிசெய்ய முடியும். மகளின் அந்தத் தொலைபேசி அழைப்பை எந்தப் படிவத்தில் அளப்பது?

இங்கேதான் மருத்துவ ஆராய்ச்சியின் மிக அழகான கருவி என்று நான் கருதுவது நுழைகிறது: சீட்டுப் போடுதல். புள்ளிவிபரவியலார் இதை எழுமாற்று ஒதுக்கீடு என்பர். யார் குளிகையைப் பெறுவது, யார் தோற்றத்தில் அதைப் போன்ற வெறுங்குளிகையைப் பெறுவது என்பதை நோயாளியும் தீர்மானிப்பதில்லை, மருத்துவரும் தீர்மானிப்பதில்லை. சீட்டுக்கு யார் பணக்காரர் என்று தெரியாது, யாருடைய மகள் தொலைபேசி எடுப்பாள் என்றும் தெரியாது. ஆகவே அளந்த வேறுபாடுகளும், அளக்க முடியாத வேறுபாடுகளும், இன்னும் நூறு ஆண்டுகளுக்குப் பின்னரே விஞ்ஞானம் கண்டறியப்போகும் வேறுபாடுகளும்கூட இரு கூட்டங்களிலும் ஏறத்தாழச் சமமாகப் பரவிவிடுகின்றன. ஒரு காரணியின் பெயரைக்கூட அறியாமல் அதன் செல்வாக்கைச் சமன்செய்ய முடிகிறது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு மேலிடுகிறது. ‘ஏறத்தாழ’ என்ற சொல்லில் எஞ்சி நிற்பது தற்செயல் மட்டுமே. அந்தத் தற்செயல் எவ்வளவு தூரம் விளையாடும் என்பதையும் கணக்கிட்டுவிடலாம்.

அக்கணக்கை உயர்தர மாணவர் ஒருவர் ஒரு தாளிலேயே செய்யலாம். ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர்கள் நடத்திய ‘ஆசெண்ட்’ பரிசோதனையின் முடிவு 2018இல் வெளிவந்தது. நீரிழிவு உள்ள, ஆனால் இதயநோய் இன்னும் வெளிப்படாத 15,480 பேர் சீட்டு முறையில் 7,740 பேர் கொண்ட இரு சமகூட்டங்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு கூட்டத்துக்கு நாள்தோறும் 1 கிராம் எடையுள்ள ஒமேகா-3 குளிகை, மற்றதற்கு ஒலிவ் எண்ணெய் அடைத்த குளிகை. சராசரியாக 7.4 ஆண்டுகள் கழிந்தபின், மாரடைப்பு, பாரிசவாதம் முதலிய கடுமையான குருதிக்குழாய் நிகழ்வுகள் முதற்கூட்டத்தில் 689 பேருக்கும் இரண்டாவதில் 712 பேருக்கும் நேர்ந்திருந்தன. வேறுபாடு 23. மீன் எண்ணெய்க்கு எந்த விளைவும் இல்லையென்று வைத்துக்கொண்டால், மொத்தமாகிய 1,401 நிகழ்வுகளில் ஒவ்வொன்றும் இந்தப் பக்கம் விழுவதும் அந்தப் பக்கம் விழுவதும் சமவாய்ப்புள்ளவை. அப்படியானால் இரு பக்கங்களுக்கும் இடையே தற்செயலால் மட்டும் தோன்றக்கூடிய வேறுபாடு, 1,401இன் வர்க்கமூலமாகிய 37 என்ற அளவில் இருக்கும். அதன் இரு மடங்கை, அதாவது 74ஐத் தாண்டினால்தான் ஐயப்படத் தொடங்குவோம். கிடைத்ததோ 23. விளம்பரம் செய்பவர் விரும்பினால் ‘நீரிழிவு நோயாளரில் நிகழ்வுகள் குறைந்தன’ என்று பொய் சொல்லாமலேயே எழுதலாம். வர்க்கமூலம் தெரிந்தவர் அதைக் கேட்டு அசைய வேண்டியதில்லை.

அதே ஆண்டில் அமெரிக்காவில் முடிந்த ‘வைற்றல்’ பரிசோதனை 25,871 பேரைச் சேர்த்தது. நிகழ்வுகள் 386க்கு 419. வேறுபாடு 33, வர்க்கமூலம் 28. இதுவும் தற்செயலின் எல்லைக்குள்தான் நிற்கிறது. ஆனால் மாரடைப்பை மட்டும் பிரித்தெடுத்தால் 145க்கு 200 என்று வருகிறது. மீன் குறைவாக உண்பவர்களை மட்டும் பிரித்தெடுத்தாலும் நன்மை இருப்பதுபோல் தோன்றுகிறது. இவை தூக்கியெறிய வேண்டிய குறிப்புகள் அல்ல. எனினும் ஆசெண்டில் மாரடைப்பில் அத்தகைய வீழ்ச்சி தெரியவில்லை. தவிரவும், தரவைப் பல துண்டுகளாக வெட்டிப் பார்த்தால் ஏதோ ஒரு துண்டு பிரகாசிக்கவே செய்யும்.

இந்த அபாயத்தை 1988இல் ‘ஐசிஸ்-2’ குழுவினர் மறக்க முடியாதவாறு காட்டினார்கள். மாரடைப்பு என்று ஐயுறப்பட்ட 17,187 பேரில் அஸ்பிரின் உயிரிழப்பைத் தெளிவாகக் குறைத்தது. உபகூட்டங்களாகப் பிரித்துக் காட்டும்படி சஞ்சிகை கேட்டபோது, அவர்கள் நோயாளர்களைப் பிறந்த இராசிப்படியும் பிரித்தார்கள். மிதுன இராசிக்காரருக்கும் துலா இராசிக்காரருக்கும் அஸ்பிரின் சிறிது தீங்கு செய்வதுபோலவும், மற்றெல்லா இராசிக்காரருக்கும் மிகுந்த நன்மை செய்வதுபோலவும் எண்கள் வந்தன. சத்திரசிகிச்சைக்கு நாள் பார்க்கும் வழக்கம் உள்ள நம் சமூகத்தில் இவ்வட்டவணையை உயர்தர வகுப்பிலேயே கற்பிக்க வேண்டும் என்பது என் கருத்து. நடந்து முடிந்தவற்றில் பொருந்துவதை எடுத்துப் பொருந்தாததை விட்டுவிடும் பழக்கம் சோதிடத்திலும் மருத்துவத் தரவிலும் ஒரே விதமாகத்தான் ஏமாற்றுகிறது. நல்ல மருந்தொன்று சாதகக் குறிப்பின் பெயரால் ஒரு நோயாளிக்கு மறுக்கப்படுவதை நான் சிறிய விடயமாகக் கருதவில்லை.

சீட்டும் வர்க்கமூலமும் இருந்தால் போதுமா என்றால், போதாது. 2018இல் வெளிவந்த ‘ரெடியூஸ்-இற்’ என்ற பரிசோதனையில், ட்ரைகிளிசரைட்டு உயர்ந்திருந்த, ஏற்கெனவே கொலஸ்திரோலைக் குறைக்கும் ஸ்டற்றின் மருந்து எடுத்துவந்த 8,179 பேருக்கு, தூய்மையாக்கிய ஈபிஏ நாளொன்றுக்கு 4 கிராம், அல்லது கனிய எண்ணெய் அடைத்த வெறுங்குளிகை கொடுக்கப்பட்டது. நிகழ்வுகள் 705க்கு 901. வேறுபாடு 196, வர்க்கமூலம் 40. தற்செயல் என்று சொல்ல இடமே இல்லை. அமெரிக்க அரசு 2019 டிசெம்பரில் இம்மருந்தின் பயன்பாட்டை விரிவாக்கி அனுமதித்தது. ஆனால் 2020இல் ‘ஸ்ட்ரெங்த்’ பரிசோதனை, ஒத்த நோயாளர் 13,078 பேருக்கு ஈபிஏயும் டிஎச்ஏயும் கலந்த மருந்தை அதே 4 கிராம் அளவில் கொடுத்து, எதிர்க்கூட்டத்துக்குச் சோள எண்ணெயைக் கொடுத்தது. நிகழ்வுகள் 785க்கு 795. பயன் இல்லையென்று பரிசோதனை இடையிலேயே நிறுத்தப்பட்டது.

இரண்டும் சீட்டுப் போட்டவை, இரண்டும் பெரியவை. பின் ஏன் இந்த முரண்? சின்னக்கடைச் சந்தையில் தராசின் மீன் தட்டுத் தாழ்வதைக் கண்டால் மீன் பாரம் என்றும் கொள்ளலாம், எதிர்த்தட்டிலுள்ள படிக்கல் குறைபட்டது என்றும் கொள்ளலாம். தராசின் முள்ளை மட்டும் பார்த்து இரண்டில் எது என்று சொல்ல முடியாது. ரெடியூஸ்-இற்றில் கனிய எண்ணெய் பெற்றவர்களின் தீய கொலஸ்திரோல் ஏறத்தாழ 10 சதவீதமும், அழற்சியைக் காட்டும் சி-எதிர்வினைப் புரதம் ஏறத்தாழ 32 சதவீதமும் உயர்ந்திருந்தன. கனிய எண்ணெய் ஸ்டற்றின் உறிஞ்சப்படுவதைத் தடுத்திருக்கலாம் என்பது ஒரு சாராரின் வாதம். அவ்வாறாயின் 196 என்ற வேறுபாட்டின் ஒரு பகுதி, மீன் எண்ணெய் செய்த நன்மை அன்று, எதிர்க்கூட்டத்துக்கு நேர்ந்த தீமை. மறுசாரார், அந்த உயர்வுகள் இவ்வளவு பெரிய வேறுபாட்டை விளக்கப் போதா என்றும், ஈபிஏ தனியாகச் செய்யும் வேலையை டிஎச்ஏ கலந்த மருந்து செய்யாமல் இருக்கலாம் என்றும் கூறி, 18,645 பேர் பங்குகொண்ட ஜப்பானின் ‘ஜெலிஸ்’ பரிசோதனையைத் துணைக்கு அழைக்கின்றனர். ஜெலிஸில் வெறுங்குளிகையே இருக்கவில்லை. எனக்கு முதல் வாதத்தில் வலு கூடுதலாகத் தெரிகிறது. ஆனால் தூய ஈபிஏயைச் சோள எண்ணெய்க்கு எதிரே வைத்துப் பெரிய அளவில் நிறுத்துப் பார்க்கும்வரை இவ்வழக்கு முடியாது.

இரண்டு பரிசோதனைகளும் ஒத்துப்போன இடம் ஒன்று உண்டு. இதயத்தின் சோணையறைகள் ஒழுங்கிழந்து துடிக்கும் நோய், ரெடியூஸ்-இற்றில் 2.1 சதவீதத்திலிருந்து 3.1 ஆகவும், ஸ்ட்ரெங்த்தில் 1.3இலிருந்து 2.2 ஆகவும் கூடியது. எதிர்த்தட்டில் எந்த எண்ணெய் இருந்தாலும் இந்தத் தீமை தென்பட்டதால் இதை நம்புவதற்கு வலுவான காரணம் இருக்கிறது. அந்நோய் பாரிசவாதத்துக்கு வழிவகுக்கும் என்பதால், 4 கிராம் அளவை வைத்தியர் எழுதித் தராமல் எவரும் தாமாக எடுக்கக் கூடாது.

இனி வாசகரின் தந்தைக்கு. அவருக்கு நீரிழிவு மட்டுமே இருந்து இதயநோய் இல்லையெனில், ஆசெண்ட் பரிசோதனை அவரைப் போன்றவர்களிடமே நடத்தப்பட்டது. விடை, இதயத்தைக் காக்கும் பயன் தென்படவில்லை என்பதாகும். அதிலும் ஆசெண்ட் குளிகையில் 840 மில்லிகிராம் ஒமேகா-3 இருந்தது. கடைகளில் விற்கும் ‘1000 மில்லிகிராம்’ குளிகைகள் பலவற்றில் சிட்டையின் பின்புறத்தைப் பார்த்தால் ஈபிஏ 180, டிஎச்ஏ 120 என்று, கூட்டி 300தான் இருக்கும்; 1000 என்பது எண்ணெயின் மொத்த எடை. போத்தலில் ‘கொட் லிவர் ஒயில்’ என்று இருந்தால் அது மீனின் ஈரலிலிருந்து எடுத்தது, விற்றமின் ஏ செறிந்தது. கர்ப்பிணிகள் அதை எடுக்கலாகாது. குளிகை இருக்கிறதே என்று நீரிழிவு மருந்தான மெற்போமினையோ ஸ்டற்றினையோ ஒரு நாளும் விடக் கூடாது. இந்த ஒன்றை அக்காவுக்கும் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். தகரத்தில் அடைத்த சாடின் மீனின் 100 கிராமிலேயே ஏறத்தாழ 1 கிராம் ஒமேகா-3 உண்டு. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் சூடை மீனும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். சைவ உணவு உண்பவர்கள், மீன் எண்ணெயை மட்டுமன்றி அதைப் பொதிந்திருக்கும் செலற்றின் உறையையும் கவனிக்க வேண்டும். ஈபிஏ, டிஎச்ஏ கொண்ட பாசி எண்ணெயும் விற்பனைக்கு இருக்கிறது.

ரெடியூஸ்-இற்றின் செலவை அம்மருந்தை விற்கும் அமரின் நிறுவனம் ஏற்றது. ஸ்ட்ரெங்த்தின் செலவை அஸ்ட்ராசெனெக்கா ஏற்றது. சாதாரண மக்கள் கடையில் வாங்கும் 1 கிராம் குளிகையைப் பற்றிய கேள்வியை, பெரும்பாலும் பிரித்தானிய இருதய மன்றம் மக்களின் நன்கொடையாலும், அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் அரச பணத்தாலும் கேட்டன. ஆசெண்டில் குளிகைகள் தபாலில் அனுப்பப்பட்டன, விபரங்களும் பெரும்பாலும் தபாலிலேயே பெறப்பட்டன. அதனால்தான் இத்தனை ஆயிரம் பேரை ஏழு ஆண்டுகளுக்கு மேல் தொடர முடிந்தது. நம்மிடம் 1978இல் தொடங்கிய மருத்துவ பீடம் இருக்கிறது. மாதந்தோறும் கிளினிக் கொப்பியுடன் தவறாமல் வரும் நோயாளர்கள் இருக்கிறார்கள். நாள்தோறும் மீன் சமைக்கும் குருநகர் வீடுகளும் மீனே தொடாத வீடுகளும் சில கிலோமீற்றர் இடைவெளியில் இருக்கின்றன. மீன் குறைவாக உண்பவர்களுக்கு மட்டும் பயன் உண்டா என்று வைற்றல் எழுப்பிய ஐயத்தை, முன்கூட்டியே எழுதிவைத்த முதன்மைக் கேள்வியாக்கிச் சோதிப்பதற்கு ஏற்ற இடம் இது. அதற்குப் பல மாவட்டங்களின் கிளினிக்குகளும், பல ஆண்டுகளுக்கு உறுதியான அரச நிதியும் வேண்டும்; போத்தல்களுக்காகப் புலம்பெயர்ந்த உறவுகள் செலவிடும் பணத்தில் ஒரு பகுதி அத்தகைய நிதியத்துக்குச் சேர்வதையும் நான் மனமார வரவேற்பேன்.