நாலு நாள் கூலி யாருக்கு விழுகிறது?

ராமேஸ்வரம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகின்றன. மறுநாள் காலை கரை திரும்புகின்றன. அதனால் பாம்பன், மண்டபம் பக்கத்து மீன் கம்பெனிகளில் ஞாயிறு, செவ்வாய், வியாழனில் வேலை குவிந்துவிடும். அங்கே ஷிப்ட் போட்டுக் கொடுப்பது என் தொழில்.

சரக்கு வரும் நாளில் 30 பேர், மற்ற நாளில் 12 பேர் தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு 138 ஆள் கூலி. 30 பேருக்கும் ஆறு நாள் கொடுத்தால் 180. இதில் 42 கூலி வீண் என்பார் முதலாளி. சரி, வீணில்லாமல் பிரித்தால்? 18 பேருக்கு ஐந்து நாள், 12 பேருக்கு நாலு நாள்.

இதற்குப் பெரிய மென்பொருள் வேண்டாம். ஆளுக்கும் நாளுக்கும் ஒரு மாறி, அதாவது கணக்கு கண்டுபிடிக்க வேண்டிய எண், வைத்தால் 30 பேருக்கு ஏழு நாளில் 210 ஆகும். எக்செல்லோடு வரும் சால்வர் என்ற விடை தேடும் கருவி 200 வரைதான் ஏற்கும். அதற்குப் பதில், ஒருவர் எந்தெந்த நாள் வரலாம் என்ற வார மாதிரிகளை எழுதுங்கள். சரக்கு வரும் மூன்று நாளும் எல்லோரும் வர வேண்டும்; மற்ற நாலு நாளில் ஒன்றோ இரண்டோ வந்தால் போதும். அதனால் மேலே சொன்ன கணக்குக்குப் பத்தே மாதிரிகள். ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் என்பதுதான் மாறி. விடை முழு எண்ணாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். சுங்கச்சாவடி ஊழியர் ஷிப்டுக்கு அமெரிக்கக் கணித அறிஞர் ஜார்ஜ் டான்ட்சிக் 1954இல் எழுதிக்காட்டிய வழி இது.

ஆனால் அந்த 12 பேர் யார் என்று சால்வர் சொல்லாது. ஒரு கம்பெனியின் நோட்டில், புதன், வெள்ளிக் கட்டங்களில் அதே சில பெண்களின் பெயருக்கு எதிரே வாரம் தவறாமல், வேலை இல்லை என்று கோடு இழுத்திருந்தது. "அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க சார்" என்றார் சூப்பர்வைசர். தினக்கூலிக்காரருக்கு அந்தக் கோடு இழந்த ஒரு நாள் அரிசி, பருப்பு. பேசாதவர் தலையில் கட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

சுழற்சியை நிபந்தனையாகவே எழுதிவிடுங்கள். ஐந்து வாரத்தில் ஒவ்வொருவருக்கும் நாலு நாள் வாரம் சரியாக இரண்டு முறை வரும். முதலாளிக்கு ஒரு ரூபாய்கூட அதிகம் ஆகாது.

அப்புறம், ஷிப்ட் முடியும் நேரத்துக்கு வேதாளை, உச்சிப்புளி போகப் பஸ் உண்டா என்பதும் நிபந்தனைதான். வேலை செய்கிறவர்களிடமே கேட்டுச் சேருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுச் சரக்கு நின்று நாட்டுப்படகுச் சரக்கு மட்டும் வரும் அந்த 61 நாளுக்கு 30, 12 என்ற எண்கள் பொருந்தாது. தனி அட்டவணை போட்டு மார்ச் மாதமே சுவரில் ஒட்டுங்கள்.