வெறுங்கணினி மீட்சி: உலோகத்தை யார் மீட்கச் சொன்னது?

ஒரு நூற்பாலையின் சர்வர் அறைக் கதவில் ஒட்டியிருந்த தாளில் மூன்றாவது முறையாக அதைப் பார்த்தேன்: ‘வெற்று உலோக மீட்புத் திட்டம்’. இரவுப் பணியில் இருந்த பையன், “சார், உலோகம்னா இந்த ரேக்கா?” என்று கேட்டான். அவன்மேல் தப்பில்லை. அந்தத் தாளை மொழிபெயர்த்தவரைக் கேட்டிருந்தாலும் இதைத்தான் திருப்பிக் கேட்டிருப்பார்.

ஆங்கிலத்தில் இது ‘பேர் மெட்டல் ரெகவரி’. பேர் என்றால் வெறுமையான, மெட்டல் என்றால் உலோகம். அகராதி அவ்வளவுதான் சொல்லும். ஆனால் கணினிக்காரர்கள் பேச்சில் மெட்டல் என்பது வன்பொருளைத்தான் குறிக்கும். இயங்குதளம்கூட ஏறாத மொட்டைப் பெட்டிதான் பேர் மெட்டல். பழைய சர்வர் மொத்தமாகப் போய்விட்டது, புதுசு வந்து இறங்கியிருக்கிறது, உள்ளே ஒன்றுமே இல்லை. முதலில் விண்டோஸ், அப்புறம் மென்பொருள், அப்புறம் கோப்பு என்று ஒவ்வொன்றாக ஏற்றாமல், முன்பே எடுத்துவைத்த நகலான பேக்கப்பிலிருந்து இயங்குதளம், பயனர் கணக்கு, தரவு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் இறக்கிப் பழைய சர்வராகவே எழுப்பிவிடுவதுதான் இந்த வேலை. விண்டோஸ் சர்வர் பேக்கப்பில் இதற்கென்றே ஒரு தேர்வு உண்டு. லினக்ஸ்காரர்களுக்கு ‘ரிலாக்ஸ் அண்ட் ரெகவர்’ என்ற மென்பொருள் இருக்கிறது.

சரி, ‘வெற்று உலோக மீட்பு’ என்றால் என்ன குறை? சிலை மீட்பு, நில மீட்பு, நகை மீட்பு என்று சொல்லிப் பாருங்கள். மீட்புக்கு முன்னால் நிற்பதுதான் மீட்கப்படும் பொருள். அந்தக் கணக்கில் உலோக மீட்பு என்று ஒரு தொழில் உண்மையிலேயே இருக்கிறது: செத்த மதர்போர்டுகளை உடைத்துச் செம்பும் தங்கமும் பிரித்தெடுப்பது. சர்வரை எழுப்பும் வேலைக்கு, அது செத்துக் காயலான் கடைக்குப் போனபின் நடக்கும் வேலையின் பெயரை வைத்திருக்கிறார்கள்!

இதன் அண்ணன், ‘டிசாஸ்டர் ரெகவரி’க்கு வைத்த ‘பேரழிவு மீட்பு’, இன்னும் மோசம். போன அழிவைக் கையைப் பிடித்துக் கூட்டிவருவது போல இருக்கிறது. ‘பேரிடர் மீட்புப் படை என்கிறோமே’ என்று ஒரு நண்பர் மடக்கினார். உண்மைதான், அங்கே பழக்கம் அர்த்தத்தை நிறுத்திவிட்டது. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் படகும் கயிறும்தான் கண்ணில் வருகின்றன, ஹார்டு டிஸ்க் வருவதில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல், ‘ரெஸ்டோர்’, ‘ரெகவரி’ இரண்டுக்கும் மீட்பு என்றே எழுதிவிட்டுப் போவது. தமிழில் பிரித்துச் சொல்லவா வழியில்லை? மீள்வது தன்வினை, மீட்பது பிறவினை. ‘ஆள்’ என்ற வினை ‘ஆட்சி’யானது போல ‘மீள்’ ‘மீட்சி’யாகும். கோப்பை நாம் மீட்கிறோம், அது மீட்பு. நிறுவனம் பழைய நிலைக்கு மீள்கிறது, அது மீட்சி.

இந்த வித்தியாசத்துக்கு 2017 ஜூனில் மெர்ஸ்க் கப்பல் நிறுவனம் பட்ட பாடே போதும். நாட்பெட்யா என்ற நாச மென்பொருள் தாக்கியபோது தனித்தனி சர்வர்களுக்குப் பேக்கப் இருந்தது. ஆனால் யார் உள்ளே நுழையலாம் என்று தீர்மானிக்கும் டொமைன் கன்ட்ரோலர்கள் ஒன்றையொன்று பார்த்து நகலெடுத்துக்கொண்டிருந்ததோடு சரி, அவற்றுக்குத் தனியாகப் பேக்கப் இல்லை. அத்தனையும் ஒன்றாக அழிந்தன. மீட்க வழியிருந்தும் மீள வழியில்லை. கானாவில் மின்வெட்டால் அணைந்து கிடந்த ஒன்று மட்டும் தப்பியது. அதன் தரவை ஆள் மூலம் விமானத்தில் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். அப்புறம் 10 நாளில் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் புதிதாக நிறுவியதாக அதன் தலைவர் மறு ஆண்டு டாவோஸ் பொருளாதார மாநாட்டில் சொன்னார்.

இனி ‘வெற்று’. ‘வெற்றுப்பொறி மீட்சி’ என்று ஒருவர் பரிந்துரைத்தார். எனக்கு எலி சிக்காத எலிப்பொறிதான் ஞாபகம் வந்தது. வெறுங்கை, வெறுங்கால், வெறுங்கழுத்து என்று நம் வீட்டிலேயே புழங்கும் அச்சு இருக்கும்போது அலைவானேன்? வெறுங்கணினி மீட்சி. சர்வரும் கணினிதானே. அதைச் ‘சேவையகம்’ என்றால் பாதிப் பேர் இ-சேவை மையத்தைத் தேடிப் போவார்கள்.

இப்படிச் சொல்வதால் எல்லா மொழிபெயர்ப்பும் எனக்கு ஆகாது என்று நினைக்க வேண்டாம். பேக்கப்புக்குக் ‘காப்புப்படி’ நல்ல சொல். ஒரே வேடிக்கை, திருவிழாவுக்குக் காப்புக் கட்டியவர் ஊர் எல்லை தாண்டக்கூடாது என்பார்கள்; காப்புப்படியில் ஒன்றாவது, சர்வரோடு சேர்ந்து அழியாமலிருக்க, ஊர் எல்லை தாண்டியே ஆகவேண்டும். சர்வர் அறையில் ஒரு நாளும் உட்காராமல், திரையையும் பார்க்காமல், வரிக்கு இத்தனை ரூபாய் என்று சொல்லுக்குச் சொல் பெயர்ப்பவர்களால்தான் உலோகமும் அழிவும் மீட்கப்படுகின்றன.

கதவில் இருந்த தாளில் பேனாவால் அடித்துவிட்டு ‘வெறுங்கணினி மீட்சி’ என்று எழுதினேன். பையன் படித்தான். “ஓ, ஒண்ணுமே இல்லாத புது மெஷின்ல கொண்டுவர்றதா? அப்போ புது டிஸ்க் பழசைவிடச் சின்னதா இருந்தா ஏறுமா சார்?”

விண்டோஸ் முறையில் ஏறாது. தாளின் இரண்டு பக்கத்திலும் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.