போன் பேசியதற்குத் துண்டு எழுதினால்: லைசென்ஸ் திரும்பக் கைக்கு வரும் வரை

திருகோணமலை நிலாவெளிப் பக்கம் ஓட்டோ ஓடும் தம்பி ஒருவர் ஒரு தாளைக் கொண்டுவந்து காட்டினார். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்து, வியர்வையில் ஊறி, மடிப்பு வழியே கிழியத் தொடங்கிய தண்டப் பத்திரம், நாம் துண்டு என்று சொல்வது. ஓடும்போது காதில் போன் வைத்திருந்தார், மறித்தார்கள், எழுதினார்கள். பிழை தன்னுடையதுதான் என்கிறார். ஆனால் எழுதி 20 நாள் ஆகியிருந்தது. "காசு சேரட்டும் என்று இருந்தேன் அண்ணை." தண்டம் இரட்டிப்பாகிவிட்டதும், கடைசி ஆறு நாளும் தான் லைசென்ஸ் இல்லாமல் ஓடியதும் அவருக்குத் தெரியாது. பேனாவால் எழுதியது முழுக்கச் சிங்களம். வாயால் சொல்ல ஒருவரும் மெனக்கெடவில்லை.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இலங்கையின் 1951ஆம் ஆண்டு 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும்தான் அடிப்படை. போனைக் கையில் பிடித்தபடி ஓட்டக்கூடாது. ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிவிட்டு "நான் கையில் பிடிக்கவில்லையே" என்று வாதாடி வென்ற ஒருவரையும் நான் கண்டதில்லை. இந்தச் சட்டம் தேவையானது என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. 50 கிலோமீற்றர் வேகத்தில் இரண்டு செக்கன் போனைப் பார்த்தால் வண்டி 28 மீற்றர் போய்விடும். நம்முடைய ஊரில் இரவில் மானும் மாடும் வீதிக்கு வர அவ்வளவு நேரம்கூடத் தேவையில்லை.

சரி, மறித்துவிட்டார்கள். லைசென்ஸை வாங்கிக்கொண்டு துண்டைத் தருவார்கள். அந்த இடத்தைவிட்டு நகர முன் துண்டை வாசியுங்கள். திகதி, வாகன இலக்கம், குற்றம், எந்தப் பொலிஸ் நிலையம் என்பது சரியாக இருக்கிறதா? விளங்காவிட்டால் கேளுங்கள். 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்திலிருந்து தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. கேட்பது எதிர்த்துப் பேசுவது ஆகாது. பிறகு துண்டின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள், இந்த முறை வண்டியை ஓரங்கட்டிவிட்டு.

பலரும் விழும் குழி நாள் கணக்குத்தான். 14 நாளுக்குள் தபாற்கந்தோரில் கட்ட வேண்டும். அதே 14 நாளுக்குத்தான் அந்தத் துண்டு தற்காலிக லைசென்ஸாகவும் செல்லும். 15ஆம் நாளிலிருந்து 28ஆம் நாள் வரை இரட்டிப்புத் தொகை. "இரட்டிப்பாகக் கட்டலாம்தானே" என்று வண்டியை எடுக்காதீர்கள்: துண்டு காலாவதி, அடுத்த சந்தியில் மறித்தால் லைசென்ஸ் இல்லாமல் ஓடியதாக இன்னொரு வழக்கு. 28 நாளும் போனால் நீதவான் நீதிமன்றம். எழுதிய நாளையே முதல் நாளாக எண்ணுங்கள். இடையில் போயா வரும், ஞாயிறு வரும், தபால்காரர் வேலைநிறுத்தமும் வரும். கடைசி இரண்டு நாளை நம்பி இருக்க வேண்டாம்.

காசு கட்டினால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். பணத்தைத் திருகோணமலைத் தபாற்கந்தோரிலேயே கட்டலாம். லைசென்ஸ் இருப்பது துண்டு எழுதிய பொலிஸ் நிலையத்தில். கொழும்புக்குப் போகும் வழியில் ஹபரணையில் மறித்திருந்தால், ஒரு சின்ன அட்டைக்காக 85 கிலோமீற்றர் திரும்பவும் போக வேண்டும். போனாலும் "சேர் டியூட்டியில், பின்னேரம் வாங்க" என்பார்கள். அந்தத் தம்பிக்கு இப்படி இரண்டு தரம் நடந்தது. மூன்றாம் தரம்தான் கிடைத்தது. மூன்று நாள் ஹயர் போயிற்று, லீசிங் காசு பிந்தியது. அந்த இழப்புக்கு யாரும் றிசீற் தர மாட்டார்கள்.

அதனால் தூர இடத்தில் மறித்தால் வீட்டுக்கு ஓடி வராதீர்கள். அங்கேயே பக்கத்துத் தபாற்கந்தோரில் கட்டிவிட்டு, றிசீற்றுடன் அன்றைக்கே நிலையத்துக்குப் போங்கள். லைசென்ஸை எத்தனை மணிக்கு நிலையத்தில் ஒப்படைப்பார் என்று மறித்தவரிடமே கேட்டு வையுங்கள். அரசாங்கத்தின் இணையவழிக் கட்டண முறையான கவ்பே (GovPay) மூலம் போனிலேயே தண்டம் கட்டும் முறை 2025இல் தொடங்கியது. கட்டியது உறுதியானால் லைசென்ஸ் வீதியிலேயே கைக்கு வந்துவிடும். அந்த இடத்தில் அந்த வசதி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். நீங்கள் கேட்காவிட்டால் அவர்களாகச் சொல்வார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

வீதியில் யார் கையிலும் காசு வைக்காதீர்கள். தொகை துண்டில் இருக்கும், கட்டுவது தபாற்கந்தோரில் அல்லது கவ்பேயில். யாராவது காசு கேட்டால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுங்கள். கொடுப்பதும் குற்றம், அதனால் "சும்மா ஒரு ஐந்நூறு" என்று நீங்களாகத் தொடங்கவும் வேண்டாம்.

போனைத் தொடவே இல்லை, வீணாக எழுதினார்கள் என்றால் கட்ட வேண்டாம். கட்டினால் ஒப்புக்கொண்டதாகத்தான் ஆகும். அழைப்புப் பட்டியலை அன்றைக்கே படம் எடுங்கள், நாள் போனால் அழிந்துவிடும். வழக்கு நாளில் நீதிமன்ற வாசலில் "ஒத்துக்கொண்டால் கெதியாக முடியும்" என்று நாலு பேர் சொல்வார்கள். அவர்களுக்காகக் குற்றவாளி என்று சொல்லிவிட்டு வராதீர்கள். முடிந்தால் வழக்குக்கு முதல்நாளே ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள். வழக்கு சிங்களத்தில் நடக்கும் ஊர் என்றால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். அது அரசாங்கம் தர வேண்டியது, அரசியலமைப்பில் எழுதியிருக்கிறது. உங்கள் பெயரைக் கூப்பிட்டதும், வேறு எதற்கும் பதில் சொல்ல முன், அதைக் கேளுங்கள்.