பின்னாலிருந்து கழுத்தை இறுக்கினால்: ஜுஜுட்சு சொல்லும் வழி

ஜப்பானியத் தற்காப்புக் கலையான ஜுஜுட்சுவில் ‘ஹடாகா ஜிமே’ என்றொரு பிடி உண்டு. பின்னால் நிற்பவர் வலது கையால் உங்கள் கழுத்தைச் சுற்றி வளைத்து, தன் இடது புஜத்தைப் பற்றிக்கொள்வார். இடது உள்ளங்கை உங்கள் பின்தலையை முன்னே தள்ளும். அவருடைய முழங்கை மடிப்பு மோவாய்க்கு நேர் கீழே அமைவதால் மூச்சுக்குழாய் அதிகம் நசுங்காது. முன்கை ஒரு பக்கமும் புஜம் மறுபக்கமுமாகக் கழுத்துத் தமனிகள் இரண்டையும் அழுத்தும். மூச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே, 5 முதல் 10 விநாடிக்குள் நினைவு தப்பிவிடும்.

உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, நாம் ஓய்வாக இருக்கும்போதுகூட உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் சுமார் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. அதைச் சேமித்து வைக்க மூளைக்கு வழியில்லை. கழுத்தெலும்புத் துளைகளின் வழியே ஏறும் இரண்டு தமனிகள் அழுத்தத்துக்குத் தப்பினாலும், அவை தரும் ரத்தம் போதாது. முன்கை எலும்பு நேரே தொண்டையில் பதிந்தால் மயங்கக் கூடுதல் நேரமாகும். ஆனால் குரல்வளை உடையும் ஆபத்து அதில்தான் அதிகம்.

பிடி முழுதாகப் பூட்டிக்கொண்டபின் விடுபடுவது மிகக் கடினம். எனவே கை கழுத்தில் பட்ட கணமே உங்கள் இரு கைகளும் அந்த ஒரு கையின் மேல் இருக்க வேண்டும். ஒன்று மணிக்கட்டில், மற்றொன்று முழங்கைக்குச் சற்று மேலே. கட்டைவிரலையும் மற்ற விரல்களோடு சேர்த்துக் கொக்கியாக வளைத்து, உங்கள் முழங்கைகளை விலாவோடு ஒட்டி, அந்தக் கையை நெஞ்சை நோக்கி இழுங்கள். கூடவே தோள்களை உயர்த்தி மோவாயை இறக்குங்கள். மோவாயை மட்டும் இறக்கிவிட்டுச் சும்மா இருப்பவர்கள் ஏமாந்துபோவார்கள்: அது மூச்சுக்குழாயைத்தான் காக்கும், பக்கவாட்டுத் தமனிகள் திறந்தே கிடக்கும். பின்னால் கைநீட்டி முகத்தைப் பிறாண்டுவதும் வீண். அந்த நேரத்தில் பிடி பூட்டிக்கொள்ளும்.

அடுத்தது சமநிலை. அவர் உங்களைப் பின்னுக்கு இழுக்கும்போது உங்கள் எடை குதிகாலைத் தாண்டிவிடும், கால்களுக்கு வேலையே இல்லாமல் போகும். முழங்காலை மடக்கி இடுப்பைத் தாழ்த்தினால் எடை மறுபடி பாதத்துக்கு வரும்.

தோள்மேல் தூக்கி எறியும் செயோய் நாகேயை முதலிலேயே முயல்வதுதான் பயிற்சியில் அடிக்கடி நடக்கும் தவறு. 1882இல் கோடோகான் என்ற ஜூடோ பள்ளியைத் தொடங்கிய கானோ ஜிகோரோ, தான் கற்ற கிட்டோ ரியூ என்ற ஜுஜுட்சு மரபிலிருந்து எடுத்து வலியுறுத்தியது ‘குசுஷி’யை, அதாவது எதிராளியின் நிலையைக் குலைப்பதை. எதிராளி முன்னே சாய்ந்து, எடை அவர் கால்விரல்களுக்கு வந்து, உங்கள் இடுப்பு அவர் இடுப்புக்குக் கீழே இருந்தால்தான் எறிய முடியும். இல்லையென்றால் மணிக்கட்டை விலக்கி, அந்தக் கை முடியும் பக்கமாகத் திரும்பி வெளியேறுங்கள். வளையம் திறப்பது அங்கேதான். மறுபக்கத்தை அவருடைய தோளே அடைத்திருக்கும்.

பயிற்றுநர் இல்லாமல் இதைப் பழக வேண்டாம். கூட்டாளி ‘போதும்’ என்பதற்கு அடையாளமாகக் கையால் தட்டினால் அந்தக் கணமே விட வேண்டும். அழுத்தத்தில் கழுத்துத் தமனியின் உட்சுவர் கிழிந்தால் சில மணி நேரமோ சில நாட்களோ கழித்துப் பக்கவாதம் வரலாம். ஒருபக்கக் கழுத்துவலி, புதிய தலைவலி, இமை தொங்குதல், குரல் மாற்றம் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.