புழக்கடையில் காய்ச்சும் காரீயம்

சென்ற ஆண்டு கோடை விடுமுறை முடியும் தறுவாயில், பவானிசாகர் அணையை ஒட்டிய ஊர் ஒன்றிலிருந்து மூன்று வயதுச் சிறுமியை அவளுடைய அம்மாவும், அம்மாவைப் பெற்ற அம்மிச்சியும் இரண்டாவது முறையாக என்னிடம் கூட்டி வந்தார்கள். "ஏனுங்க டாக்டர், ரெண்டு மாசமா சத்து மருந்து குடுக்கறமுங்க. புள்ள வெளுப்பு மாறவே இல்லீங்க, மண்ணத் திங்கறதும் நிக்கலைங்க" என்றார் அம்மிச்சி. இரும்புச்சத்து மருந்தையும் பூச்சி மாத்திரையையும் எழுதிக் கொடுத்து அனுப்பியவன் நான்தான். ஹீமோகுளோபின் எட்டைத் தாண்டவில்லை. மறுபடி எடுத்த இரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்த ஆய்வகத்தார், சிவப்பணுக்களுக்குள் நீலப் புள்ளிகள் தெரிவதாக ஓர் ஓரத்தில் குறித்திருந்தார்கள். அதைப் படித்த பிறகே, முதல் நாளே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன்: வீட்டில் யாராவது ஈயம் காய்ச்சுகிறார்களா?

"இவ அப்புச்சி வலைக்குக் குண்டு ஊத்துவாருங்க. அதுக்கென்னுங்க?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். பரிசலில் போய் வலை விடும் அந்தப் பெரியவர், மழைக்காலத்துக்கு முன் வலையின் அடிக்கயிற்றில் கோக்க வேண்டிய ஈயக்குண்டுகளை ஆண்டுதோறும் தாமே வார்த்துக்கொள்கிறார். புழக்கடையில் துவைகல்லுக்குப் பக்கத்தில் மூன்று கல் அடுப்பு. அதன் மேல் அடுக்களையிலிருந்து ஒதுக்கிய பழைய இரும்புச் சட்டி. உருகிய ஈயம் வெள்ளியைப் போல மினுங்கும். சற்று நேரத்தில் பாலில் ஆடை படிவதுபோல அதன் மேல் சாம்பல்நிறக் கசடு படியும். அந்தக் கசடைக் கரண்டியால் ஒதுக்கித் துவைகல்லின் அடியில் தட்டிவிடுவது அவர் வழக்கம். பல ஆண்டுகளாகத் தட்டியது அங்கே மாவுபோலக் குவிந்து கிடந்தது. அந்தக் குவியலுக்கு ஒரு முழம் தள்ளி, சிறுமியின் சொப்புச் சாமான்கள் இருந்தன. சொப்புப் பானையைத் திறந்து பார்த்தேன். அவள் ஆக்கி வைத்திருந்த சோறு அந்தச் சாம்பல்நிறத் தூள்தான்.

ஈயம் காய்ச்சுகிறவர்கள் அஞ்சுவதெல்லாம் புகைக்குத்தான். அந்த அச்சம் தவறு என்று சொல்ல மாட்டேன். காரீயம் 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். அந்த அளவில் ஆவி மிகக் குறைவு. ஆனால், கரியடுப்பில் துருத்தியோ ஊதுகுழலோ வைத்து ஊதும்போது சட்டி 500 டிகிரியை எளிதில் கடந்துவிடுகிறது. அதற்கு மேல் ஆவி வேகமாகக் கிளம்பி, காற்றில் ஆறிக் கண்ணுக்குத் தெரியாத நுண்துகளாகிறது. மூக்கில் கட்டும் ஈரத்துண்டு அதைத் தடுக்காது. இருந்தாலும் புகை அன்றைய வேலையோடு கலைந்துபோகிறது. கலையாமல் தங்குவது கசடுத்தூள். அது கையில் ஒட்டும், கைலியில் ஒட்டும், சாணம் மெழுகிய தரையின் வெடிப்பில் இறங்கும். விளக்குமாறு போட்டுப் பெருக்கும் ஒவ்வொரு காலையும் மீண்டும் எழும். அந்தப் பெரியவர் வேலை முடிந்து கை கழுவித்தான் சாப்பிடுகிறார். ஆனால், கழற்றிப் போட்ட அவருடைய கைலியை விரித்துத்தான் பேத்தி மதியம் தூங்குகிறாள்.

வாய்வழியாகப் போகும் ஈயத்தில் பெரியவர்களின் உடல் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை உறிஞ்சுகிறது. சிறு குழந்தைகளின் உடலோ பாதி வரைக்கும் உறிஞ்சிவிடும். இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் குறைந்த குழந்தைக்கு இது இன்னும் கூடும். ஏனெனில் இரும்பைக் குடலிலிருந்து ஏற்றும் அதே வழியில்தான் ஈயமும் ஏறிக்கொள்கிறது. ஏறிய ஈயம் இரத்தம் ஊறுவதைத் தடுக்கிறது. சோகை பிடித்த குழந்தை மேலும் மண் தின்கிறது. அந்த மண்ணில் மறுபடியும் ஈயம் இருக்கிறது. இந்தச் சுற்றுக்குள் நான் இரண்டு மாதம் சத்து மருந்தை மட்டும் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

அவளுடைய இரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 38 மைக்ரோகிராம் ஈயம் இருந்தது. 5 மைக்ரோகிராம் இருந்தாலே எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்த வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். இதற்குக் கீழே பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது. ஈயத்தை வெளியேற்றும் மருந்தைக் குழந்தைகளுக்குப் பொதுவாக 45-ஐத் தொட்டால்தான் கொடுக்கிறோம். அதற்குக் குறைவான அளவில் அம்மருந்தால் மூளைக்கு நன்மை கிடைப்பதில்லை. இதைச் சொன்னபோது குடும்பத்தார் முகம் வாடிவிட்டது. ஊசி போட்டால் எடுத்துவிடலாம் என்றால் மனசு ஆறும். வீட்டைத் துடையுங்கள் என்று மருத்துவர் சொன்னால் கைவிட்டுவிட்டதாகத் தோன்றும். ஆனால் உண்மையான மருத்துவம் அதுதான். வீட்டில் தூள் இருக்கும்வரை எந்த மருந்து கொடுத்தாலும் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் இறைப்பதாகத்தான் முடியும்.

வலைக்குண்டு மட்டும்தான் என்றில்லை. அந்தியூர்ப் பக்கம் மலையடிவாரத் தோட்டங்களில், பயிர்க் காவலுக்கு உரிமத்தோடு நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் உண்டு. குழல்வாய் வழியே மருந்தும் குண்டும் இட்டு இடிக்கும் அந்தத் துப்பாக்கிக்குக் குண்டு வார்த்த விவசாயி ஒருவர், தீராத வயிற்றுவலியும் மலச்சிக்கலுமாக என் நண்பரான பொதுமருத்துவரிடம் வந்தார். கல்லடைப்பு என்று ஊர் ஊராக ஸ்கேன் எடுத்துக்கொண்டிருந்தவர் அவர். ஈறில் ஓடிய கருநீலக் கோட்டைப் பார்த்துத்தான் நண்பருக்குப் பொறி தட்டியது. அந்த விவசாயி உருக்கியது பழைய பேட்டரித் தகடுகளை. உரிமம், சட்டம் எல்லாம் தனி விஷயம். நான் உடம்பைப் பற்றிப் பேசுகிறேன். பேட்டரித் தகட்டில் இருப்பதில் பெரும்பங்கு உலோகம் அல்ல, ஈயச் சேர்மங்களாலான பசை. அடுப்பில் ஏற்றினால் அது தூளாகவும் கந்தகப் புகையாகவும் கிளம்பும். எல்லா ஈயத்திலும் வீட்டுக்குள் வரவே கூடாதது இதுதான். செனகல் நாட்டுத் தலைநகர் டக்காரின் புறநகரான தியாரோயில், பேட்டரி ஈயம் படிந்த மண்ணைச் சலித்து விற்ற குடும்பங்களில் 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரை 18 குழந்தைகள் இறந்தார்கள். நம் நாட்டிலும் 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி பழைய பேட்டரி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளருக்குத்தான் போய்ச் சேர வேண்டும்.

ஒரு வார்த்தை தண்ணீரைப் பற்றியும். காய்ச்சிய ஈயத்தைக் காதில் ஊற்றினாற்போல என்று சொல்வோம். கண்ணில் தெறித்து வந்தவரை நான் பயிற்சி மருத்துவனாக இருந்தபோது பார்த்திருக்கிறேன். ஈரமான அச்சிலோ, உருகிய ஈயத்துக்குள் போட்ட ஈரமான ஈயக்கட்டியிலோ உள்ள நீர் கணத்தில் ஆவியாகி ஏறத்தாழ 1,700 மடங்கு விரிந்து, சட்டியில் உள்ளதை மேலே எறிகிறது.

இவ்வளவு சொன்னதும் பலரும் கேட்பது ஈயச்சொம்பு ரசத்தைப் பற்றி. அது வெள்ளீயம், வேறு உலோகம். நான் சொல்வது காரீயம். ஆனால் காரீயம் கலந்த சொம்பு விற்கப்பட்டால் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது என்பதால், தெரியாத இடத்தில் வாங்காதீர்கள். அடுத்து, பாலும் வெல்லமும். மில்லிலும் வார்ப்பாலையிலும் வேலை செய்தவர்கள் நிறைந்த ஊர் நம்முடையது. தூசிக்கு வெல்லம் தின்னும் பழக்கம் அங்கிருந்து வந்தது. பாலில் உள்ள சுண்ணாம்புச்சத்து நல்லதுதான், ராகிக் களியும் கீரையும் நல்லவைதான். உள்ளே போன ஈயத்தை இவை எடுத்துவிடும் என்று நம்பி அடுப்பை மட்டும் நிறுத்தாமல் இருக்காதீர்கள். எலும்பில் படிந்த ஈயம் பல பத்தாண்டுகள் இருக்கும். இன்றைய பெண்குழந்தை நாளை கருவுறும்போது அது மறுபடி இரத்தத்துக்கு வரும்.

அந்த வீட்டில் செய்தவை எளியவை. குவியலை நனைத்து அள்ளி மூடியுள்ள தகர டப்பாவில் அடைத்தோம். மேல்மண்ணை ஒரு சாண் ஆழம் எடுத்துவிட்டுப் புதுமண் போட்டார்கள். ஒரு மாதம் விளக்குமாற்றைத் தொடாமல், சோப்புத் தண்ணீர் நனைத்த துணியால் மட்டும் தரையைத் துடைத்தார்கள். பெரியவரின் துணிகள் தனியாகத் துவைக்கப்பட்டன. சட்டி அடுக்களைக்குத் திரும்பவில்லை. வார்த்த குண்டுகளை வலைக்கடையில் வாங்கிக்கொள்ள அவர் ஒப்புக்கொண்டார். ஆனால், பிளந்த குண்டைக் கயிற்றில் வைத்துப் பல்லால் கடித்து இறுக்கும் பழக்கத்தை விடச் செய்வதற்கு எனக்கு மூன்று முறை பேச வேண்டியிருந்தது. இடுக்கி ஒன்று வாங்கிக் கொடுத்தேன்.

இரண்டு மாதத்தில் சிறுமியின் அளவு 27. ஆறாம் மாதம் 15. ஹீமோகுளோபின் பதினொன்றைத் தொட்டது, அதே பழைய சத்து மருந்தால். மண் தின்பது நின்றுவிட்டது. கடைசி முறை வந்தபோது அப்புச்சியும் உடன் வந்திருந்தார். குழந்தையைக் காட்டி முடித்த பிறகு நாற்காலியை விட்டு எழாமல் சட்டைக் கையை மடித்து, "எனக்கும் ஒருக்கா பாத்துருங்க சாமி" என்றார். அவருக்கு 41.